மேம்பாலத்தில் இரண்டு கோடு, இறக்கத்தில் நாலு கோடு

சித்தப்பாவிடம் இருப்பது லைசென்ஸ் கேட்காத ரக பேட்டரி ஸ்கூட்டர். மோட்டாரின் திறன் 0.25 கிலோவாட்டுக்குக் குறைவு, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவு, பேட்டரியைக் கழற்றிவிட்டு எடை போட்டால் 60 கிலோவைத் தாண்டாது என்றால், மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அது மோட்டார் வாகனக் கணக்கிலேயே வராது. பதிவு வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம். தோட்டத்துக்கும் சந்தைக்கும் போய்வர அவருக்கு இது போதும். சீட்டுக்கு அடியிலும் கால் வைக்கும் பலகைக்கு அடியிலுமாக 12 வோல்ட், 20 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள லெட் ஆசிட் பேட்டரிகள் ஐந்து. வரிசையாகக் கோத்தால் 60 வோல்ட். பின் சக்கரத்துக்குள்ளேயே மோட்டார்.

வண்டியைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு புகார்தான், பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று கோடுகளாகக் காட்டும் மீட்டர்.

"கெளம்பறப்ப நாலு கோடு இருக்குது. மேம்பாலம் ஏறுனா ரெண்டாயிருது. அந்தப் பக்கம் எறங்குனா மறுபடி நாலு. எறக்கத்துல தானா சார்ஜ் ஏறிக்குதாட்ட இருக்குது கண்ணு."

வண்டி வாங்கிய கடையில் கேட்டதற்கு, மீட்டர் போர்டு போய்விட்டது, புதிதாக மாற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. போன மீட்டர் கண்டபடி காட்டும். இது ஏற்றத்தில் இறங்கி, இறக்கத்தில் ஏறி, ஒரே ஒழுங்கில் நடந்துகொள்கிறது. இவ்வளவு ஒழுங்காகத் தப்புக் காட்டும் மீட்டர், வேறு எதையோ சரியாகக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

ஸ்க்ரூவைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று சாவியை வாங்கினேன்.

கைப்பிடியில் என்னென்ன இருக்கிறது

சாவியைத் திருப்பியதும் மீட்டரில் எல்லாக் கோடும் ஒரு கணம் எரிந்து அணையும். அப்புறம் P என்ற எழுத்து நிற்கும். அது நிற்கும்வரை ஆக்சிலேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் சக்கரம் சுற்றாது. வலது கைப்பிடியில் இருக்கும் P பட்டனை அழுத்தினால்தான் வண்டி உயிர் பெறும். புதிதாக ஓட்டுபவர்கள் 'வண்டி ஸ்டார்ட் ஆகலை' என்று சொன்னால், பாதி நேரம் இந்த P-தான் காரணம். மீதிப் பாதி சைடு ஸ்டாண்டு. ஸ்டாண்டு இறங்கியிருந்தால் ஓடாதபடி அதிலும் ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பட்டனை ஒரு தொல்லையாகவே சித்தப்பா நினைத்திருந்தார். எனக்கோ, வண்டியிலேயே முக்கியமான பட்டன் அதுதான். பெட்ரோல் வண்டி ஓடிக்கொண்டிருந்தால் சத்தமே காட்டிக் கொடுத்துவிடும். இது அப்படியில்லை. சாவி போட்டிருக்கிறதா, அணைத்திருக்கிறதா என்று காதுக்குத் தெரியாது. கடை வாசலில் இறங்கி நின்று, வண்டியைத் தள்ளி நிறுத்துவதற்காக வலது கைப்பிடியைப் பற்றினால் கை தானாக ஆக்சிலேட்டரையும் சேர்த்து முறுக்கும். வண்டி குபீரென்று முன்னால் பாயும். பயத்தில் கை இன்னும் இறுகும், வண்டி இன்னும் பாயும். இறங்குவதற்கு முன் P, அல்லது சாவியைத் திருப்பி அணைப்பது, இரண்டில் ஒன்று கட்டாயம். வண்டியைத் தள்ளும்போது இடது கைப்பிடியையும் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்பியையும் பிடித்துத் தள்ளச் சொல்லிக் கொடுத்தேன்.

அப்படியே பாய்ந்தாலும் காப்பாற்ற ஒன்று இருக்கிறது. இரண்டு பிரேக் லீவரிலும் சின்ன சுவிட்ச் உண்டு. லீவரைத் தொட்டாலே அது, மோட்டாரை ஆட்டுவிக்கும் பெட்டியான கன்ட்ரோலருக்குச் சொல்லி மோட்டாருக்குப் போகும் கரன்டை நிறுத்திவிடும். பிரேக் லைட்டும் அதே சுவிட்சில்தான் எரிகிறது. அதனால் சோதிப்பது சுலபம். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்தை மெதுவாகச் சுற்றவிட்டு, லீவரை விரல் நுனியால் தொட வேண்டும். பிரேக் பிடிக்கும் அளவுக்கு இழுக்கக் கூடாது. அந்தத் தொடுகைக்கே மோட்டாரின் முனகல் நிற்க வேண்டும். இந்த வண்டியில் வலது பக்கம் நின்றது, இடது பக்கம் நிற்கவில்லை. சுவிட்சுக்குள் மண் புகுந்து அதன் முனை உள்ளேயே சிக்கியிருந்தது. கான்டாக்ட் கிளீனர் அடித்து நாலைந்து முறை அழுத்தி விட்டதும் துள்ளி வெளியே வந்தது. மீட்டரைப் பார்க்கப் போய் இது கிடைத்தது. இதற்காகவே வந்திருக்கலாம்.

வலது கைப்பிடியில் 1, 2, 3 என்று நகரும் சுவிட்ச். இதை கியர் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம், ஆனால் உள்ளே பல்சக்கரம் எதுவும் இல்லை. வேகத்துக்கு எவ்வளவு உச்சவரம்பு என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஒயர்தான். 1-ல் போட்டால் மேட்டில் கூடுதலாக இழுக்கும் என்பது பெட்ரோல் வண்டிப் பழக்கத்தில் வந்த நினைப்பு. இழுவை கூடாது. மெதுவாக ஏறும், அவ்வளவுதான். அதுவே பேட்டரிக்கு எவ்வளவு நல்லது என்று பின்னால் ஆம்பியர் மீட்டர் வைத்தபோது தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் ரிவர்ஸ் பட்டன், அழுத்திப் பிடித்தால் பின்னால் மெல்ல ஊரும்.

க்ரூஸ் என்று ஒன்றும் இருக்கிறது. பலருக்கு அது இருப்பதே தெரியாது. ஆக்சிலேட்டரைச் சில நொடிகள் ஒரே அளவில் அசையாமல் பிடித்திருந்தால் கன்ட்ரோலர் அந்த வேகத்தை அப்படியே பூட்டிக்கொள்ளும். கையை விட்டாலும் வண்டி ஓடும். பிரேக் லீவரைத் தொட்டால்தான் விடும். நெடுஞ்சாலைக்கு வேண்டுமானால் சுகம். ஆடு மாடு குறுக்கே வரும் தெருவில் இது எதற்கு? அதுவும் ஒரு லீவரின் சுவிட்ச் சிக்கியிருந்த வண்டியில். கன்ட்ரோலரிலிருந்து வரும் ஒயர்களில் க்ரூஸுக்கென்று தனி ஜோடி ஒன்று இருந்தது. அதன் சாக்கெட்டைப் பிரித்து, இரண்டு முனையிலும் தனித்தனியாக டேப் சுற்றி விட்டேன்.

ஆக்சிலேட்டருக்குள் இருப்பது ஒரு காந்தமும், அது நகர்வதை வோல்ட்டாக மாற்றிச் சொல்லும் ஹால் சென்சாரும். கேபிள் எதுவும் இல்லை. மூன்று ஒயர்: சிவப்பில் கன்ட்ரோலர் தரும் 5 வோல்ட், கறுப்பு நெகட்டிவ், பச்சையில் சிக்னல். கையை எடுத்த நிலையில் பச்சையில் 0.85 வோல்ட், முழுக்க முறுக்கினால் 3.6. இது ஆரோக்கியமான அளவு. கை எடுத்த நிலையிலேயே 1 வோல்ட்டைத் தாண்டி நின்றால் ஆக்சிலேட்டர் சிக்கியிருக்கிறது என்று கன்ட்ரோலர் எடுத்துக்கொண்டு கிளம்ப மறுக்கும். சாவி போடும்போதே யாராவது முறுக்கிப் பிடித்திருந்தாலும் அப்படித்தான். இது பழுது இல்லை, பாதுகாப்பு.

வேகமானியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மோட்டாருக்குப் போகும் மூன்று தடித்த ஒயர்களில் ஒன்றிலிருந்து சிக்னல் எடுத்துக் கணக்கிடுகிறது. கைப்பேசியின் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டால் கொஞ்சம் கூடவே காட்டுகிறது. பரவாயில்லை.

கோடுகள் எதைக் காட்டுகின்றன

சீட்டைத் தூக்கினேன். முதலில், பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சான எம்.சி.பி.யை இறக்கிவிட வேண்டும். 60 வோல்ட் டிசி என்பதால் அலட்சியம் வேண்டாம், வியர்த்த கைக்கு அதுவே போதுமான அடி. அதைவிட ஆபத்து ஸ்பேனர். ஒரு பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஸ்பேனர் விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், ஸ்பேனரே பழுத்துச் சிவக்கும். எம்.சி.பி.யை இறக்கி வைத்தாலும் இந்த ஆபத்து குறையாது, ஏனென்றால் பேட்டரி தனக்குள்ளேயே முழுசாகத்தான் இருக்கிறது. ஸ்பேனரின் கைப்பிடி முழுக்க டேப் சுற்றினேன். மோதிரத்தையும் வாட்ச்சையும் கழற்றி வைத்தேன்.

பேட்டரித் தொகுப்பின் இரு முனைகளிலிருந்தும் ஒயர் எடுத்து, நடுவில் ஒரு ஃபியூஸ் போட்டு, சின்ன டிஜிட்டல் வோல்ட் மீட்டர் ஒன்றைக் கைப்பிடியில் டேப் போட்டு ஒட்டினேன். வண்டியின் சொந்த மீட்டரும் இதுவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க, மேம்பாலத்துக்கு விட்டேன்.

நிற்கும்போது 62.9 வோல்ட், நாலு கோடு. சமதளத்தில் 60-க்குக் கொஞ்சம் மேலே, அப்போதும் நாலு, சில நேரம் மூன்று. பாலத்தின் ஏற்றத்தில் முழுக்க முறுக்கியதும் எண் சரசரவென்று இறங்கி 56-ல் வந்து நின்றது. இரண்டு கோடு. உச்சியில் கையை எடுத்ததும் ஒரே தாவலில் 61. இறக்கத்தின் பாதியில் 62-ஐத் தாண்டிவிட்டது. நாலு கோடு.

சித்தப்பாவின் புதிர் அவ்வளவுதான். மீட்டர் போர்டில் எந்தப் பழுதும் இல்லை. அது வோல்ட்டை மட்டும் பார்த்துக் கோடு போடும் மீட்டர், பார்த்ததை நேர்மையாகச் சொல்லியிருக்கிறது. பேட்டரியிலிருந்து கரன்ட் வேகமாக இழுக்கும்போது அதன் உள்தடையால் வோல்ட் தொய்கிறது, இழுப்பதை நிறுத்தினால் திரும்ப எழுகிறது. மாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை, வீட்டில் எல்லாக் குழாயையும் திறந்துவிட்டு சமையலறைக் குழாயில் வரும் தண்ணீரின் வேகத்தை வைத்துச் சொல்வது போன்ற வேலை இது. இறக்கத்தில் சார்ஜ் ஏறவும் இல்லை. பிரேக் பிடித்தால் கரன்டை பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும் வண்டிகள் உண்டு, இது அந்த ரகம் இல்லை.

இதிலிருந்து உடனே கைக்கு வரும் ஒரு பழக்கம்: கோடுகளை நின்றுகொண்டுதான் பார்க்க வேண்டும். ஓடும்போது பார்ப்பது நம் கை எவ்வளவு முறுக்கியிருக்கிறது என்பதைத்தான். வண்டியை நிறுத்தி, ஹெட்லைட்டை அணைத்து, ஓரிரு நிமிடம் விட்டுப் பார்த்தால் கோடு ஓரளவு உண்மை பேசும். ஓய்ந்த நிலையில் ஒரு 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி நிறைந்திருந்தால் 12.7 முதல் 12.8, பாதியில் 12.2 பக்கம், 11.8-க்கு வந்தால் காலி. ஐந்தால் பெருக்கினால் 64, 61, 59. நிறைவுக்கும் காலிக்கும் இடையே மொத்தமே 5 வோல்ட்தான். மேம்பாலமோ ஒரே ஏற்றத்தில் 7 வோல்ட்டை இறக்கிவிட்டது. கோடுகள் குழம்பாமல் என்ன செய்யும்?

'வண்டி நின்னுபோச்சு, கொஞ்ச நேரம் ரெஸ்ட் குடுத்தா ஓடுது' என்று பேட்டரி வண்டிக்காரர்கள் சொல்வதும் இதனால்தான். 60 வோல்ட் கன்ட்ரோலர் பொதுவாக 52.5 வோல்ட்டுக்கு வந்ததும் மோட்டாரை நிறுத்திவிடும். ஒரு பேட்டரிக்கு 10.5 என்று கணக்கு. பேட்டரியில் இருப்பு இருக்கும்போதே மேட்டில் தொய்ந்து அந்த எல்லையைத் தொட்டால் பாலத்தின் நடுவில் நிற்க வேண்டியதுதான். சற்று நேரத்தில் வோல்ட் எழுந்துவிடும், வண்டியும் கிளம்பும். அப்படி நின்றால் 1-ல் போட்டு, மெதுவாக முறுக்கி ஏறினால் பெரும்பாலும் ஏறிவிடலாம்.

ஒரு பேட்டரி மட்டும்

ஆனாலும் 7 வோல்ட் தொய்வு எனக்கு உறுத்தியது. பழைய பேட்டரி என்றாலும் அது அதிகம். ஐந்தில் எதுவோ ஒன்று கள்ளத்தனம் செய்கிறது என்று தோன்றியது. எம்.சி.பி.யை இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக மல்டிமீட்டர் வைத்தேன். 12.6, 12.6, 12.5, 12.6, 12.6. இதைப் பார்த்தால் எல்லாம் யோக்கியர்கள். மூன்றாவதில் 0.1 குறைவதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

சும்மா இருக்கும் பேட்டரியைச் சோதித்துப் பயனில்லை, வேலை கொடுத்துப் பார்க்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டில் சக்கரத்தைச் சுற்றவிடுவது வேலையே இல்லை, ஓரிரண்டு ஆம்பியர்தான் இழுக்கும். கடைகளில் லோடு டெஸ்டர் வைத்திருப்பார்கள். அது இல்லாதவர்களுக்கு நல்ல மாற்று, பழைய கார் ஹெட்லைட் பல்பு. 60/55 வாட் ஹாலஜன் பல்பில் ஹை பீம், லோ பீம் இரண்டு இழைகளையும் சேர்த்து இணைத்தால் 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இந்த வகை 20 ஆம்பியர்-மணி பேட்டரிகளின் அளவே 10 ஆம்பியர் வீதம் 2 மணி நேரம் என்று எழுதப்படுவதால், பல்பு சரியான சுமை. பல்பு கடுமையாகச் சுடும். கண்ணாடியைக் கையால் தொடாமல் ஒரு செங்கல்லின் மேல் வைத்தேன்.

முதல் பேட்டரியில் பல்பை இணைத்ததும் 12.1-க்கு இறங்கி, அங்கேயே நின்றது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் இணைத்த கணமே 10.9. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைசி எண் ஒவ்வொன்றாக உதிர்ந்து, பல்பின் வெள்ளை மஞ்சளாக மாறி, இரண்டு நிமிடத்துக்குள் 10.5-க்குக் கீழே போனது. கழற்றிவிட்டேன். சில நிமிடங்களில் மறுபடி 12.4 காட்டியது. இப்படித்தான் இவ்வளவு நாளும் தப்பித்திருக்கிறது. நாலாவதும் ஐந்தாவதும் 12.1.

பேட்டரிக் கடைக்குப் போனேன். ஒன்றை மட்டும் மாற்றலாமா என்று கேட்டதற்குக் கடைத் தம்பி தலையை ஆட்டினார்.

"ஒண்ணு மட்டும் புதுசு போட்டா நல்லா இருக்காதுங்ணா. சார்ஜ் போடறப்ப பழசு நாலும் ஒரு கணக்குல நெறையும், புதுசு ஒரு கணக்குல நெறையும். ஆறு மாசத்துல திரும்பி வருவீங்க."

வியாபாரப் பேச்சு இல்லை, விஷயம் சரி. வரிசையாகக் கோத்த பேட்டரிகளில் எல்லாவற்றிலும் ஓடுவது ஒரே கரன்ட். சார்ஜர் மொத்த வோல்ட்டை மட்டும் பார்க்கிறது, எது நிறைந்தது, எது பசித்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. சில நிரம்பி வழிந்து சூடேறும், சில முழுசாக நிறையாமலே நிற்கும். ஐந்தையும் மாற்றினால் சுத்தம். ஆனால் மற்ற நாலும் இன்னும் நன்றாகவே நிற்கும்போது அதற்கு மனம் வரவில்லை. எக்ஸ்சேஞ்சில் வந்த பழைய பேட்டரிகள் கடையின் பின்னால் அடுக்கியிருந்தன. அதே ரகம், உற்பத்தி மாதமும் அடுத்தடுத்தது. பல்பைக் கையோடு கொண்டுபோயிருந்ததால் அங்கேயே ஒவ்வொன்றாகச் சோதித்தேன். 12 வோல்ட்டில் நின்ற ஒன்று கிடைத்தது. கெட்டதைக் கொடுத்துவிட்டு, மேலே கொஞ்சம் பணம் வைத்து எடுத்து வந்தேன்.

வண்டியில் மாட்டுவதற்கு முன் அதைத் தனியாக 12 வோல்ட் சார்ஜரில் போட்டு நிறைத்தேன். மற்ற நாலும் வண்டியின் சார்ஜரில் ஏற்கெனவே நிறைந்திருந்தவை. சேரும் நாளில் ஐந்தும் ஒரே மட்டத்தில் இருந்தால் கொஞ்ச காலத்துக்குச் சண்டை வராது. மாட்டிய பிறகு அதே மேம்பாலம், அதே முறுக்கு: 59 பக்கம் நின்றது. ஒரு கோடுதான் குறைந்தது.

ஆம்பியரை எண்ணும் மீட்டர்

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் 'இன்னும் எவ்வளவு தூரம் போகும்' என்ற கேள்விக்குக் கோடுகளால் பதில் சொல்ல முடியாது என்று தெரிந்துவிட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை. வோல்ட்டைப் பார்த்து ஊகிக்காமல், பேட்டரியிலிருந்து எவ்வளவு கரன்ட் வெளியே போனது, எவ்வளவு உள்ளே வந்தது என்று எண்ணிக்கொண்டே இருக்கும் மீட்டர் ஒன்று வாங்கினேன். புதுச் சரக்கு போலத் தெரிந்தாலும் யோசனை பழையது. 1907-ல் தொடங்கிய டெட்ராய்ட் எலக்ட்ரிக் கார்களின் காலத்திலேயே மின்வண்டிகளில் வோல்ட், ஆம்பியர் முட்கள் உண்டு. இல்லினாய்ஸில் இருந்த சங்கமோ கம்பெனி ஆம்பியர்-மணி எண்ணும் மீட்டரையே அவற்றுக்காகச் செய்து விற்றது. நூறு வருடத்துக்குப் பிறகு நமக்கு நாலு கோடு கொடுத்திருக்கிறார்கள்.

மீட்டரோடு வந்தது ஒரு ஷன்ட். இரண்டு பித்தளைக் கட்டிகளுக்கு இடையே தடித்த உலோகப் பட்டைகள். 50 ஆம்பியர் ஓடினால் அதன் குறுக்கே 75 மில்லிவோல்ட் தோன்றும். அந்தச் சின்ன வோல்ட்டை வைத்து மீட்டர் கரன்டைக் கணக்கிடுகிறது. வாங்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். 60 வோல்ட் வண்டிதானே என்று 60 வரை தாங்கும் மீட்டரை வாங்கினால் முதல் சார்ஜிலேயே கருகிவிடும். சார்ஜ் ஏறும்போது இந்த ஐந்து பேட்டரித் தொகுப்பு 73 வோல்ட்டைத் தாண்டும். நான் வாங்கியது 100 வோல்ட் வரை தாங்குவது.

ஷன்ட் உட்கார வேண்டிய இடம் பேட்டரியின் நெகட்டிவ் ஒயர். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பேட்டரி நெகட்டிவிலிருந்து ஷன்ட்டுக்கு ஒரே ஒரு ஒயர்தான் போக வேண்டும். மற்றது எல்லாமே, கன்ட்ரோலரின் நெகட்டிவ், விளக்குகளுக்கு 60-ஐ 12 வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கும் கன்வெர்ட்டரின் நெகட்டிவ், சார்ஜர் சாக்கெட்டின் நெகட்டிவ், மூன்றும் ஷன்ட்டின் மறுபக்கம் சேர வேண்டும். இந்த வண்டியில் சார்ஜர் சாக்கெட்டின் கறுப்பு ஒயர் நேராக பேட்டரி முனையிலேயே முறுக்கியிருந்தது. அதை அப்படியே விட்டால் வெளியே போவது மட்டும் கணக்கில் வரும், உள்ளே வருவது வராது. இடம் மாற்றினேன். தடித்த ஒயர்களுக்கு லக் என்ற உலோக முனை வைத்து அழுத்தி, ஈயம் வைத்து, ஸ்ப்ரிங் வாஷரோடு இறுக்கினேன். இந்த இணைப்பு தளர்ந்தால் சூடேறி, பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கை உருக்கும்.

ஷன்ட்டிலிருந்து மீட்டருக்குப் போகும் மெல்லிய சிக்னல் ஒயர் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கி, மோட்டார் ஒயர்களிலிருந்து விலக்கி, கைப்பிடிக் கழுத்தின் வழியே மேலே கொண்டுபோனேன். மீட்டருக்கு வேண்டிய பாசிட்டிவை பேட்டரியிலிருந்து 1 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக எடுத்தேன். கைப்பிடியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பிப் பார்த்து, ஒயர் இழுபடாத அளவுக்குத் தொய்வு விட்டுக் கட்டினேன்.

கொள்ளளவு எவ்வளவு என்று மீட்டர் கேட்கும். ஸ்டிக்கரில் இருக்கும் 20-ஐப் போடுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. சார்ஜரில் பச்சை விளக்கு வந்து, அதற்கு மேலும் கொஞ்ச நேரம் விட்டு, மீட்டரை 100-க்குக் கொண்டுவந்து, வீட்டைச் சுற்றிய தெருக்களிலேயே ஓட்டினேன். ஏற்றமே இல்லாத சமதளத்தில் வோல்ட் 54-க்கு வந்ததும் நிறுத்திப் பார்த்தால் வெளியே போனது 13 ஆம்பியர்-மணி. பேட்டரியின் வயதுக்கு அது நியாயமான எண். மீட்டரில் 12 என்று போட்டேன். லெட் ஆசிட்டை அடிமட்டம்வரை உறிஞ்சினால் அதன் ஆயுள் சுருங்கும், அதனால் கடைசி 3-ஐத் தொடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

இப்போது ஓட்டும்போது கண் போவது ஆம்பியர் எண்ணில்தான். சமதளத்தில் ஒரே சீராகப் போனால் 5, 6. நின்ற இடத்திலிருந்து 3-ல் போட்டு ஒரேயடியாக முறுக்கினால் 16-க்குப் பாயும். இந்தக் கன்ட்ரோலரின் உச்சவரம்பு அது. அதே இடத்தில் மெதுவாக, கையை உருட்டுவதுபோல் முறுக்கினால் 8, 9 தாண்டுவதில்லை. நகர வேகத்துக்கு வந்து சேர ஆகும் நேரத்தில் பெரிய வித்தியாசமும் இல்லை. மேம்பாலத்தில் 3-ல் 16, 1-ல் 10, 11. லெட் ஆசிட் பேட்டரி வேகமாக இழுத்தால் மொத்தமாகக் கொடுப்பதையும் குறைத்துக்கொள்ளும் சுபாவம் உடையது. அதனால் மேட்டில் 1-ல் போவது தொய்வையும் குறைக்கிறது, தூரத்தையும் கூட்டுகிறது. பாலத்தில் பின்னால் வரும் லாரிக்காரர் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும், ஓரமாகத்தானே போகிறோம்.

நிறுத்தி நிறுத்திப் போகும் டவுன் ஓட்டத்துக்கு ஒரு ஆம்பியர்-மணிக்கு ஏறக்குறைய 3 கிலோமீட்டர் வருகிறது. சித்தப்பாவுக்கு இந்தக் கணக்கு ஒரே நாளில் பிடித்துவிட்டது. 9 இருக்கிறது, சந்தைக்குப் போக 2, வர 2, மேம்பாலத்துக்குக் கூட அரை என்று மனத்தில் கழித்துக்கொள்கிறார். பழைய கோடுகளை அவர் இப்போதும் பார்க்கத்தான் செய்கிறார், ஆனால் நிறுத்திவிட்டு.

மீட்டர் நூறு சதவீதம் என்று காட்டியதும் சார்ஜரைப் பிடுங்கிவிடக் கூடாது என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. லெட் ஆசிட்டில் எடுத்ததைவிடச் சுமார் 10, 15 சதவீதம் கூடுதலாகப் போட்டால்தான் நிறையும். எனவே சார்ஜரின் பச்சை விளக்குதான் கணக்கு. பச்சை வந்த பிறகு மீட்டரின் மேல் பட்டனை அழுத்திப் பிடித்து நூறாக்கிக்கொள்ள வேண்டும். இதை வாரம் ஒரு முறையாவது செய்யாவிட்டால் சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்து எண் விலகிப்போகும். ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடாமல் அரை மணி நேரம் ஆற விடுவதும் நல்லது, வெயில் காலத்தில் முக்கியமாக.

லித்தியம் பேட்டரி வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த வோல்ட் எண்கள் பொருந்தாது. அதிலும் லித்தியம் ஃபெர்ரோ பாஸ்பேட் வகையில் பெரும்பகுதி ஓட்டம்வரை வோல்ட் அசையாமல் நின்று, கடைசியில் சடாரென்று விழும். அங்கே வோல்ட் கோடுகளை நம்புவது இதைவிட மோசம், ஆம்பியர்-மணி எண்ணும் மீட்டர் அங்கே இன்னும் அவசியம்.

பாக்கி வேலை இரண்டு. புது மீட்டரின் பின்பக்கம் தண்ணீர் தாங்காது, மழைக்கு முன் சுற்றிலும் சிலிக்கான் வைத்து அடைக்க வேண்டும். சார்ஜர் சாக்கெட்டின் ரப்பர் மூடி கிழிந்து தொங்குகிறது. சைக்கிள் ட்யூப்பில் ஒரு துண்டு வெட்டி வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மாட்ட வேண்டும்.